பானட்டுக்குள் ஒரு பாரிஸ்காரர்... ஃப்யூல் பிரஷர் மீட்டர் பிறந்த கதை!

உங்களிடம் ஒரு டர்போ ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சொந்தமாக இல்லாவிட்டால் என்ன, நண்பருடையதாக இருக்கட்டும். பானட்டைத் திறந்தால், இன்ஜெக்டர்களுக்கு பெட்ரோல் கொண்டுபோகும் குழாயின் மேல் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வட்ட மீட்டர். இன்ஜின் ஐடிலிங்கில் ஓடுகிறது. முள் 2.4 பாரில் நிற்கிறது. சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டினால் 3 பார் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது.

உடனே பெட்ரோல் பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டி, ஆயிரக்கணக்கில் செலவு செய்து புது பம்ப் மாட்டுபவர்கள் உண்டு. மாட்டிய பிறகும் முள் அதே 2.4-ல்தான் நிற்கும். ஏனென்றால் அங்கே எதுவுமே கெட்டுப்போகவில்லை. முள் சரியாகத்தான் சொல்கிறது, நாம்தான் தப்பாகப் படிக்கிறோம்.

அந்த முள்ளைச் சரியாகப் படிக்கத் தெரிய வேண்டுமானால், அதைக் கண்டுபிடித்த மனிதரைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பெயர் யூஜீன் போர்டன். மெக்கானிக்கல் படித்தவர்களுக்கு ‘போர்டன் டியூப்’ என்றதும் பரீட்சைக்கு வரைந்த படம் ஞாபகத்துக்கு வரும். மற்றவர்களுக்கு அவர் யாரோ. ஆனால், பஞ்சர் கடை கம்ப்ரஸரிலும், வெல்டிங் பட்டறை சிலிண்டரிலும், ஆபீஸ் சுவரில் தொங்கும் தீயணைப்பு சிலிண்டரிலும் அவரைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

கண்ணாடியில் செய்த இன்ஜின்

1808 ஏப்ரல் 8-ம் தேதி பாரிஸில் பிறந்தார் போர்டன். அப்பா வியாபாரி. பையனும் வியாபாரியாக வேண்டும் என்பதுதான் குடும்பத்தின் கணக்கு. ஜெர்மன் மொழி தெரிந்தால் தொழிலுக்கு உதவும் என்று நியூரம்பர்க் நகரத்துக்கு அனுப்பினார்கள். இரண்டு வருடம் அங்கே இருந்து மொழியைக் கற்றுக்கொண்டு வந்தார். மனசு மட்டும் வியாபாரத்தில் ஒட்டவில்லை. அப்பா இறந்த பிறகு, லென்ஸும் கருவிகளும் செய்யும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

1832-ல் 24 வயதில் சொந்தப் பட்டறை. அதே வருடம் அவர் செய்த ஒரு வேலையைக் கவனியுங்கள். பிரான்ஸின் தொழில் ஊக்குவிப்புச் சங்கத்தின் முன்னால் ஒரு சின்ன நீராவி இன்ஜினைக் கொண்டுபோய் வைத்தார். அதன் சிலிண்டர்கள் கண்ணாடியால் ஆனவை! பிஸ்டன் எப்படி ஏறி இறங்குகிறது, நீராவி எப்போது உள்ளே வருகிறது, எப்போது வெளியே போகிறது என்பதை யார் வேண்டுமானாலும் கண்ணால் பார்க்கலாம். பாடம் நடத்தவும் செயல்முறை விளக்கம் காட்டவும் இப்படி 200-க்கும் மேற்பட்ட சின்ன இன்ஜின்களை அவர் செய்தார்.

இரும்புக்குள் மறைந்து நடப்பதை வெளியே தெரியும்படி செய்ய வேண்டும் என்ற இந்த ஆசைதான் கடைசிவரை அவரை ஓட்டியது. ஆனால், நீராவியின் அழுத்தத்தைக் கண்ணாடி வைத்துக் காட்ட முடியாதே! அதற்கு வேறு வழி வேண்டும்.

கொதிகலன்கள் வெடித்த காலம்

அந்தக் காலத்தில் அது வெறும் ஆராய்ச்சி ஆசையும் இல்லை. ஆலைகளிலும் கப்பல்களிலும் ரயில்களிலும் நீராவி கொதிகலன்கள் வந்துவிட்டன. அழுத்தம் கூடக் கூட இன்ஜினின் பலமும் கூடும். அளவு மீறினால் கொதிகலன் வெடிக்கும், பக்கத்தில் நிற்பவர்கள் பிழைக்க மாட்டார்கள். சேஃப்டி வால்வு இருந்ததுதான். ஆனால், அது திறப்பதற்கு முன்னால் உள்ளே என்ன நடக்கிறது என்று அது சொல்லாது. இன்னும் கொஞ்சம் வேகம் வேண்டுமென்று அந்த வால்வையே அழுத்திக் கட்டிவைத்த ஆட்களும் உண்டு.

அழுத்தத்தை அளக்க அப்போது நம்பகமான ஒரே வழி பாதரசம். கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை ஊற்றி, நீராவி அதை எவ்வளவு உயரம் தள்ளுகிறது என்று பார்ப்பார்கள். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஒன்றுக்கே 76 சென்டிமீட்டர் பாதரசம் வேண்டும். அதைப்போல ஆறு மடங்கு என்றால் நாலரை மீட்டருக்கும் மேல் உயரமான கண்ணாடிக் குழாய். போர்டன் பட்டறை தொடங்குவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு, அரகோ, துலோங் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 24 மடங்கு வரை அளக்க வேண்டி வந்தபோது, பாரிஸில் ஒரு பழைய கோபுரத்துக்குள்தான் குழாயை நிறுத்தினார்கள். கோபுரத்தைத் தூக்கிக்கொண்டு ரயில் ஓட முடியுமா? குலுங்கி ஓடும் இன்ஜினில் கண்ணாடியும் பாதரசமும் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

நசுங்கிய குழாய் சொன்ன சேதி

1840-களின் கடைசி. போர்டனின் பட்டறையில் ஒரு நீராவி இன்ஜினுக்காகச் சுருள் குழாய் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. குழாயைச் சுருளாக வளைக்கும்போது அது ஓரிடத்தில் தட்டையாக நசுங்கிவிட்டது. பட்டறைகளில் சாதாரணமாக நடக்கிற விஷயம்தான். சரிசெய்ய ஒரு எளிய வழி உண்டு. ஒரு முனையை அடைத்துவிட்டு, இன்னொரு முனை வழியாக பம்ப் வைத்துத் தண்ணீரை அழுத்தினால் நசுங்கிய இடம் உப்பிப் பழையபடி உருண்டையாகிவிடும்.

அப்படியே செய்தார்கள். நசுங்கிய இடம் உருண்டையாகத் திரும்பியது. கூடவே இன்னொன்றும் நடந்தது. சுருண்டிருந்த குழாய் மெல்லப் பிரிய ஆரம்பித்தது! அழுத்தம் ஏற ஏறச் சுருள் இன்னும் விரிந்தது.

வேறொருவராக இருந்தால் குழாய் கெட்டுவிட்டதே என்று அலுத்துக்கொண்டு ஓரமாகப் போட்டிருப்பார். போர்டன் அதையே பிடித்துக்கொண்டார். தட்டையான குழாய் வளைந்திருந்தால், உள்ளே அழுத்தம் ஏறும்போது அது நிமிரப் பார்க்கும். அழுத்தம் இறங்கினால் பழையபடி சுருண்டுகொள்ளும். கல்யாண வீடுகளிலும் திருவிழாவிலும் குழந்தைகள் ஊதுகிற, ஊதினால் சுருள் நீளும் காகித ஊதியைப் பார்த்திருப்பீர்களே, ஏறக்குறைய அதேபோலத்தான். இங்கே காகிதத்துக்குப் பதில் உலோகம். அசைவும் ஒரு சில மில்லிமீட்டர்தான்.

அந்தச் சில மில்லிமீட்டரைப் பெரிதாக்கிக் காட்டச் சின்னக் கம்பியும் பல் சக்கரமும் போதும். வளைந்த குழாயின் ஒரு முனையை அசையாமல் பொருத்தி, அதன் வழியாக நீராவியை விட்டார். மூடிய மறுமுனை நகரும்போது பல் சக்கரம் திரும்பும், அது முள்ளைச் சுழற்றும். 1849-ல் காப்புரிமை வாங்கினார். கோபுர உயரத்துக்கு நின்ற பாதரசக் குழாயின் வேலையைக் கைக்கடக்கமான ஒரு வட்டப் பெட்டி எடுத்துக்கொண்டது.

இன்றைக்கும் உங்கள் காரின் பெட்ரோல் குழாயில் மாட்டும் மெக்கானிக்கல் மீட்டரைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே இதே வளைந்த குழாய், இதே பல் சக்கரம். 175 வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது, அடிப்படை மாறவே இல்லை.

பதக்கமும் வழக்கும்

1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் உலகக் கண்காட்சியில் போர்டனின் மீட்டருக்குப் பதக்கம் கிடைத்தது. பிரான்ஸ் அரசின் லீஜியன் ஆஃப் ஹானர் விருதும் வந்தது. 1852-ல் எட்வர்ட் ஆஷ்கிராஃப்ட் என்பவர் அமெரிக்காவுக்கான உரிமையை வாங்கிக்கொண்டு போனார்.

எல்லாம் சந்தோஷமாக முடிந்துவிடவில்லை. பிரான்ஸிலேயே லூசியன் விடி என்று இன்னொரு கண்டுபிடிப்பாளர் இருந்தார். பாதரசம் இல்லாத பாரோமீட்டரை 1844-லேயே காப்புரிமை பெற்றவர். காற்றை உறிஞ்சியெடுத்த ஒரு மெல்லிய உலோகப் பெட்டி, வெளிக் காற்றின் அழுத்தம் கூடினால் கொஞ்சம் அமுங்கும், குறைந்தால் நிமிரும். அந்த அசைவைத்தான் அவர் முள்ளால் காட்டினார். போர்டன் செய்திருப்பதும் உலோகம் வளைவதை வைத்து அழுத்தத்தை அளப்பதுதான், ஆகவே அது தன்னுடைய யோசனைதான் என்பது விடியின் வாதம். வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. கடைசியில் போர்டன் நஷ்டஈடு கொடுக்க வேண்டி வந்தது.

யார் பக்கம் நியாயம்? இருவருடைய கருவிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். உருவம் வேறு, ஆனால் அடியில் ஓடும் உண்மை ஒன்று. உலோகத்தின் ஒரு பக்கம் ஒரு அழுத்தம், மறுபக்கம் இன்னொரு அழுத்தம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உலோகத்தை வளைக்கிறது. விடியின் பெட்டிக்கு உள்ளே வெற்றிடம், வெளியே காற்று. போர்டனின் குழாய்க்கு உள்ளே நீராவி, வெளியே காற்று.

நம் ஃப்யூல் பிரஷர் மீட்டரின் சூட்சுமம் முழுக்க இந்த ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது: வித்தியாசம்.

முள் உண்மையில் என்ன சொல்கிறது?

மீட்டர் 3 பார் காட்டினால், குழாய்க்குள் இருக்கும் பெட்ரோலின் அழுத்தம் வெளிக்காற்றைவிட 3 பார் அதிகம் என்று அர்த்தம். அளவே வெளிக்காற்றிலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால், இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிப்பது வெளிக்காற்றில் இல்லையே! இன்ஜினின் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் தெளிக்கிறது. அங்கே இருக்கும் அழுத்தம் நொடிக்கு நொடி மாறும்.

இதைச் சமாளிக்கத்தான் பல கார்களில் பெட்ரோல் பாதையில் ஒரு ரெகுலேட்டர் இருக்கும். அதற்குள்ளே ஒரு டயாஃப்ரம். ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் ஸ்பிரிங். ஸ்பிரிங் பக்கத்துக்கு மேனிஃபோல்டிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் ஹோஸ் வரும். மேனிஃபோல்டில் எவ்வளவு அழுத்தம் இருந்தாலும், பெட்ரோல் அதைவிடச் சரியாக 3 பார் அதிகமாக இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் ரெகுலேட்டரின் வேலை. கோர்ட்டில் எதிரெதிராக நின்ற இரண்டு யோசனைகள் இங்கே ஒரே குழாயில் வேலை செய்கின்றன பாருங்கள். வளையும் தகடு அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிறது, வளைந்த குழாய் அதைக் காட்டுகிறது.

இப்போது எண்களைப் படியுங்கள்.

ஐடிலிங்கில் இன்ஜின் காற்றை இழுக்கிறது, த்ராட்டில் மூடியிருக்கிறது. மேனிஃபோல்டில் வெளிக்காற்றைவிட சுமார் 0.6 பார் குறைவு. 3-லிருந்து 0.6 போனால் 2.4. மீட்டர் காட்டுவது அதைத்தான். எல்லாம் சரி!

டர்போ இல்லாத இன்ஜினில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால், மேனிஃபோல்டு ஏறக்குறைய வெளிக்காற்றின் அளவுக்கு வந்துவிடும். முள் 3-க்கு ஏற வேண்டும்.

டர்போ 0.8 பார் பூஸ்ட் கொடுக்கும்போது முள் 3.8-க்கு ஏற வேண்டும். கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான். பூஸ்டில் முள் ஏறாமல் 3-லேயே நின்றால், பார்க்க அழகாக, புத்தகத்தில் போட்டபடியே இருப்பதுபோலத் தெரியும். ஆனால், இன்ஜெக்டருக்கு மிஞ்சுவது 2.2 பார் வித்தியாசம்தான். பெட்ரோல் தெளிப்பு ஏறக்குறைய 14 சதவிகிதம் குறையும். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. மெக்கானிக்குகள் ‘லீன்’ என்பார்கள். அந்த நிலையில் இன்ஜினை விரட்டினால் சூடு ஏறி, நாக்கிங் வந்து, பிஸ்டனே உருகிவிடலாம். ஆக, பயப்பட வைக்கும் 2.4 நல்லது, நிம்மதி தரும் 3 ஆபத்து!

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையும் உண்டு. ஐடிலிங்கில் ரெகுலேட்டரின் ரப்பர் ஹோஸைக் கழற்றி அதன் வாயை அடைத்துப் பிடித்தால் முள் 2.4-லிருந்து 3-க்கு எழ வேண்டும். எழுந்தால் ரெகுலேட்டர் நலம். ஹோஸுக்குள் பெட்ரோல் ஈரம் தெரிந்தால் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும். ஐடிலிங்கில் எல்லாம் சரியாக இருந்து, முழு வேகத்தில் மட்டும் முள் சரிந்தால்தான் பம்பையோ அடைத்துக்கொண்ட ஃபில்டரையோ சந்தேகப்பட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. எல்லா கார்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. சில கார்களில் ரெகுலேட்டர் பெட்ரோல் டேங்குக்குள்ளேயே இருக்கும். ஹோஸ் இருக்காது, முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். பழைய கார்புரேட்டர் கார்களில் அரை பாருக்குள்தான் அழுத்தமே. சிலிண்டருக்குள் நேரடியாகத் தெளிக்கும் புதிய இன்ஜின்களின் உயர் அழுத்தப் பக்கத்தில் 100 பாருக்கு மேல் போகும். அங்கே கையால் எந்த மீட்டரையும் மாட்டக் கூடாது. உங்கள் காரின் சர்வீஸ் புத்தகம் சொல்வதுதான் உங்களுக்கான எண். இன்னொன்று, பெட்ரோல் ஓடும் மெக்கானிக்கல் மீட்டரை டேஷ்போர்டில் வைக்கும் ஆசையே வேண்டாம். கசிந்தால் தீ உங்கள் மடியில்தான். உள்ளே வைப்பதானால் மின்சார சென்சார் மீட்டர்தான் சரி.

சூட்டில் பொய் சொல்லும் மீட்டர்

இன்னொரு வேடிக்கை. முள் நடுங்காமல் இருக்க, சில மீட்டர்களின் பெட்டிக்குள் கிளிசரின் போன்ற திரவத்தை நிரப்பி மூடியிருப்பார்கள். அரை மணி நேரம் வண்டி ஓட்டிவிட்டு வந்து பானட்டைத் திறந்தால், காலையில் இருந்ததைவிட முள் இறங்கியிருக்கும். மறுபடியும் பம்ப் மேல் பழி!

நடந்தது என்ன? இன்ஜின் சூட்டில் பெட்டிக்குள் இருக்கும் திரவமும் காற்றும் விரிந்து, போர்டன் குழாயை வெளியிலிருந்து அமுக்குகின்றன. வித்தியாசம் குறைகிறது, முள் இறங்குகிறது. பெட்ரோல் அழுத்தம் மாறவே இல்லை. பெரும்பாலும் பெட்டியின் மேல் ஒரு சின்ன ரப்பர் அடைப்பான் இருக்கும். இன்ஜினை நிறுத்தி, மீட்டர் ஆறிய பிறகு அதைத் திறந்து மூடினால் உள்ளே இருப்பதும் வெளிக்காற்றும் சமமாகிவிடும். மறுபடி சூடானால் மறுபடி இறங்கும். எனவே, சூடாக இருக்கும்போது காட்டும் எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

கடைசி அளவு

1872-ல் போர்டன் தொழிலை மகன் எட்வார்டிடம் கொடுத்தார். 64 வயது, கையில் பெயரும் இருந்தது. ஓய்வெடுத்திருக்கலாம். ஆனால், கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று அவரை விடவில்லை: காற்றின் வேகம்.

நடுவில் குறுகும் ஒரு குழாய் வழியாகக் காற்று போனால், குறுகிய இடத்தில் அதன் வேகம் கூடி அழுத்தம் குறையும். வெஞ்சூரி குழாய் என்பார்கள். அந்த அழுத்தக் குறைவை வைத்துக் காற்றின் வேகத்தை அளக்கலாம் என்று அவர் முயன்றார். இங்கேயும் அவர் தேடியது வித்தியாசத்தைத்தான்! பிற்காலத்தில் கார்புரேட்டர்கள் பெட்ரோலை இழுத்துக் காற்றோடு கலந்தது இதே தத்துவத்தில்தான்.

1884 செப்டம்பரில், தான் செய்த புதிய காற்றுமானியைச் சோதித்துக்கொண்டிருந்தபோது தவறி விழுந்தார். அந்த மாதம் 29-ம் தேதி இறந்தார். வயது 76.

அதற்கு 16 மாதங்கள் கழித்து, 1886 ஜனவரியில் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். பெட்ரோல் காரை போர்டன் பார்க்கவே இல்லை. ஸ்போர்ட்ஸ் கார், டர்போ, இன்ஜெக்டர் எதுவும் அவருக்குத் தெரியாது. ஆனாலும், அவற்றுக்குள் என்ன நடக்கிறது என்று நமக்குக் காட்டுவது அவர் பட்டறையில் நசுங்கிய அந்தக் குழாய்தான்.

கண்ணாடி சிலிண்டர் வைத்து இன்ஜினின் உள்ளே காட்டியவர் அவர். பிறகு, கண்ணாடியால் காட்ட முடியாததை ஒரு முள்ளால் காட்டினார். அந்த முள்ளைப் பார்த்துப் பதறுவதற்கு முன், எதற்கும் எதற்கும் உள்ள வித்தியாசம் இது என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். பாதி செலவு அங்கேயே மிச்சம்!